19 லிட்டர் பால் லாக் கார்னி கெக்: உடம்பு உறுதி, கசிவெல்லாம் ரப்பரில்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களில், பாட்டில் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்தவர்கள் அடுத்து வாங்குவது கார்னி கெக்கைத்தான். 5 கேலன், அதாவது 18.9 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் உருளை. மேலே முட்டை வடிவ மூடி, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குழாய்முனை, அதாவது போஸ்ட். ஒன்று கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே போக, மற்றது பீர் வெளியே வர. போஸ்ட்டில் மாட்டும் இணைப்பைச் சின்ன உருண்டைகள் பிடித்துக்கொள்வதால் பால் லாக் (ball lock) என்று பெயர். இது பீருக்காகப் பிறந்த பொருளே அல்ல. பெப்சி, கொக்கோ கோலா கடைகளுக்குக் குளிர்பான சிரப் கொண்டுபோகச் செய்தது. பெயர்கூட அதைத் தயாரித்த கார்னிலியஸ் நிறுவனத்தின் பெயர்தான். பிறகு அந்தக் கம்பெனிகள் சிரப்பை அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் அடைத்து அனுப்பத் தொடங்கின. பழைய கெக்குகள் மலைபோல மிஞ்சின. வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்த சட்டத்தில் அதிபர் கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டு, அது 1979-இல் நடைமுறைக்கு வந்திருந்ததால், அந்தக் கெக்குகளுக்கு வாங்க ஆளும் இருந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டு அளவுக்கு இதைவிட நல்ல கெக் கிடையாது. பெரும்பாலானவற்றின் மேல் 130 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) என்று பொறித்திருக்கும், பீருக்கு நாம் வைப்பது 10 முதல் 12 பி.எஸ்.ஐ. தான். வெல்டிங் விட்டுப்போவது மிக அபூர்வம். வருகிற புகார் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: கேஸ் லீக். ஒரு கெக்கில் இருப்பது 5 ஓ-ரிங் (ரப்பர் வளையம்), 2 பாப்பெட் (போஸ்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அடைப்பு), மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு ரிலீஃப் வால்வு. கசிவு இந்த எட்டில் ஒன்றிலோ, கெக்குக்கு வெளியே சிலிண்டர் வரைக்குமான இணைப்புகளிலோதான் இருக்கும். எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தெரியாமல் எல்லா நட்டையும் இறுக்கிப் பார்ப்பதுதான் பணத்தையும் கேஸையும் தின்கிறது.

முதலில், உண்மையிலேயே கசிகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 19 லிட்டர் பீரை 2.5 வால்யூம் (பீரின் அளவைப்போல் இரண்டரை மடங்கு கேஸ் கரைவது) வரை கார்பனேட் செய்ய, நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கரைந்திருப்பது போக, 60 முதல் 65 கிராம் கேஸ் போதும். முழுக் கெக்கையும் 12 பி.எஸ்.ஐ.யில் ஊற்றித் தீர்க்க இன்னொரு 65 முதல் 70 கிராம். மூடியபின் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற விடுவதையும் சேர்த்தால்கூட 200 கிராமைத் தாண்டக் கூடாது. 5 பவுண்டு சிலிண்டரில் இருப்பது 2.27 கிலோ. ஆக ஒரு சிலிண்டர் பத்துக் கெக்குக்குக் குறையாமல் வர வேண்டும். இரண்டு மூன்று கெக்கிலேயே தீர்ந்துபோனால் சந்தேகமே வேண்டாம், லீக் இருக்கிறது.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை சிலிண்டர் வாயில் மாட்டி அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் உயர் அழுத்த மீட்டர் காட்டாது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும் வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. 20 டிகிரியில் ஏறக்குறைய 830 பி.எஸ்.ஐ., ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரியில் 560 பக்கம். வெளியே இருந்த சிலிண்டரைக் குளிருக்குள் வைத்ததும் முள் இறங்குவதைப் பார்த்து லீக் என்று பதற வேண்டாம். சிலிண்டரின் தோளில் வெறும் எடை பொறித்திருக்கும். தராசில் வைத்து, அந்த எடையைக் கழித்துப் பாருங்கள். அதுதான் கணக்கு.

அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. கெக்கில் பீர் நிரப்பி, கேஸ் ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, மறுநாள் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது என்று லீக்கைத் தேடி அலைபவர்கள் நிறைய. பீர் கேஸைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். கார்பனேட் ஆகாத பீர் மேலே இருக்கும் கேஸை இழுத்துக்கொண்டே இருக்கும். சரியாக அடைத்த கெக்கிலும் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். ஆகவே லீக் சோதனை காலிக் கெக்கில் நடக்க வேண்டும். அதிலும் வெப்பநிலையை மாற்றக் கூடாது. 25 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றிய காலிக் கெக்கை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால், ஒரு துளி கசியாமலே 27-க்கு இறங்கிவிடும்.

சோதனையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: சிலிண்டர் பக்கம் தனி, கெக் பக்கம் தனி. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் எது கசிகிறது என்றே தெரியாது.

சிலிண்டர் பக்கத்துக்கு, ஹோஸ் முனையில் இருந்து போஸ்ட்டில் மாட்டும் இணைப்பான கேஸ் டிஸ்கனெக்ட்டைக் கெக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றியதும் அது தானே அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் வால்வைத் திறந்து, ரெகுலேட்டரை 30-க்கு வைத்து, பிறகு வால்வை மூடுங்கள். இரண்டு மீட்டரும் இரவு முழுக்க அசையாமல் நிற்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கத்தில் கேஸ் இருக்கும் இடம் மிகச் சிறியது. அதனால் சின்னக் கசிவுக்கும் அந்த முள் வேகமாக விழும். அது விழுந்து, குறைந்த அழுத்த முள் நின்றால், சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் வாஷரையோ அந்த மீட்டரின் மரையையோ பாருங்கள். முதலில் உயர் அழுத்த முள் விழுந்து, பின்னாலேயே குறைந்த அழுத்த முள்ளும் விழுந்தால், கசிவு ரெகுலேட்டருக்கு அப்பால், ஹோஸ் பக்கம்.

அந்த வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டர் நிரப்பும் கடையில் கொடுக்கும் ஃபைபர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். நைலான் வாஷர் சிலமுறை தாங்கும். சில ரெகுலேட்டர்களில் ஓ-ரிங் உள்ளேயே பதிந்திருக்கும். அதற்கு மேல் இன்னொரு வாஷர் வைத்தால் கசியும். இந்த இணைப்பைக் கையால் இறுக்கினால் போதாது, ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும்.

டெஃப்லான் டேப் சுற்றுவது அடுத்த தவறு. ரெகுலேட்டர் மீட்டர்கள், ஹோஸ் முனை போன்ற சரிவு மரைகளுக்கு மட்டுமே டேப். சிலிண்டர் நட், கெக் போஸ்ட், டிஸ்கனெக்ட்டில் ஹோஸைப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஆகிய இடங்களில் மரை அடைப்பதில்லை. வாஷரோ ஓ-ரிங்கோ முகத்தோடு முகம் அமர்ந்துதான் அடைக்கிறது. அங்கே டேப் சுற்றினால் நட் முழுதாக உட்காராமல் புதிதாகக் கசிவு உண்டாகும்.

ஹோஸில் கவனிக்க வேண்டியது கிளாம்ப். திருகு வைத்த கிளாம்ப் மலிவு, ஆனால் பல் வரும் இடத்தில் வட்டம் சற்றே தட்டையாகும். மெல்லிய ஹோஸில் அங்கேதான் கசியும். காது வைத்து நெருக்கும் ஓட்டிக்கர் கிளாம்ப் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கும். ஹோஸ் இறுகிப்போயிருந்தால் கிளாம்ப்பை மாற்றியும் பயனில்லை. முனையில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு வெந்நீரில் நனைத்து மறுபடி ஏற்றுங்கள். டிஸ்கனெக்ட் ஃபிளேர் வகையாக இருந்தால், நட்டுக்குள் சின்ன நைலான் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்துபோவது சகஜம். அதே டிஸ்கனெக்ட்டின் உச்சியில் திருகு மூடி ஒன்று உண்டு. அது தளர்ந்தாலும் சீறும். ஒரு நாணயத்தால் இறுக்கிவிடலாம்.

இனி கெக் பக்கம். காலிக் கெக்கை மூடி, 30 பி.எஸ்.ஐ. ஏற்றி, டிஸ்கனெக்ட்டைக் கழற்றுங்கள். ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஸ்பிரே பாட்டிலில். மூடியின் விளிம்பு, இரு போஸ்ட், ரிலீஃப் வால்வு எல்லாவற்றிலும் அடியுங்கள். ஆனால் அடித்ததும் வரும் நுரையையே கசிவு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நுரை அடங்கட்டும், ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒரே இடத்தில் கடுகளவுக் குமிழி புதிது புதிதாக வந்துகொண்டிருந்தால் அதுதான் இடம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால், வாளியில் தண்ணீர் நிரப்பி, கெக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடியும் போஸ்ட்டுகளும் மூழ்கும்படி பிடியுங்கள். சோப்புத் தண்ணீரில் அகப்படாத கசிவும் தண்ணீரில் அகப்படும்.

பிறகு ரிலீஃப் வால்வை இழுத்து அழுத்தத்தை 10-க்குக் கொண்டுவந்து மறுபடியும் பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. கார்னி மூடி உள்ளிருந்து மேல்நோக்கி அழுத்தி அடைக்கும் மூடி. அழுத்தம் கூடக் கூட இறுகும், குறைந்தால் விடும். 30-இல் ஒரு குமிழிகூட வராத மூடி 8-இல் மெல்லச் சீறுவதுண்டு. போஸ்ட், ஹோஸ் கசிவுகள் இதற்கு நேர்மாறு, அழுத்தம் கூடினால் கூடும். ஃபிரிட்ஜுக்குள் ரப்பர் விறைப்பதால், வெளியே தேறிய கெக் உள்ளே கசிவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கெக்கைக் குளிர வைத்தே மூடியைச் சோதிக்க வேண்டும்.

போஸ்ட்டில் கசிவு என்றால் எந்த உறுப்பு என்பதைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். டிஸ்கனெக்ட் மாட்டியிருக்கும்போது மட்டும் கசிந்தால், போஸ்ட்டின் வெளிப்புறத்தில் தெரியும் ஓ-ரிங். கழற்றியபின் மட்டும் நடுத் துளையில் குமிழி வந்தால் பாப்பெட். மாட்டினாலும் கழற்றினாலும் போஸ்ட்டின் அடியில், மரை கெக்கைத் தொடும் இடத்தில் குமிழி வந்தால், உள்ளே, போஸ்ட்டிலிருந்து கெக்குக்குள் இறங்கும் குழாயான டிப் டியூபின் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங். கார்னி கெக்கில் இந்த மூன்று வரிகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பாப்பெட்டில் பெரும்பாலும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் துணுக்கு மாட்டியிருக்கும். திருகாணி முனையால் இரண்டு மூன்று தடவை மெல்ல அமுக்கி விட்டால் துணுக்கு பறந்துவிடும். பீர் போஸ்ட்டில் இதைச் செய்தால் பீர் முகத்தில் அடிக்கும், துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். அதன்பிறகும் கசிந்தால் புதுப் பாப்பெட்தான். எல்லாக் கெக்குக்கும் பொருந்தும் என்று விற்கும் பாப்பெட்டை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. ஸ்பிரிங் நீளம் கொஞ்சம் மாறினாலும் அது முழுதாக எழும்பாது, அல்லது மாட்டும்போது முழுதாகத் திறக்காது. எந்த நிறுவனத்தின் கெக் என்று பார்த்து அதற்குரியதை வாங்குவதே நல்லது. கார்னிலியஸ், ஃபயர்ஸ்டோன் போஸ்ட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. மரையிலேயே வேறுபாடு இருக்கலாம். பல கெக்குகளை ஒரே நாளில் பிரித்துக் கழுவும்போது, ஒவ்வொன்றின் உறுப்புகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.

டிப் டியூப் ஓ-ரிங்கை மாற்றப் போஸ்ட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ரிலீஃப் வால்வை இழுத்து, சத்தம் முழுதாக நிற்கும் வரை அழுத்தத்தை விடுவது கட்டாயம். அழுத்தத்தோடு கழற்றினால் போஸ்ட் தெறிக்கும். பல கெக்குகளுக்கு 7/8 அங்குல ஸ்பேனர், சிலவற்றுக்கு 11/16. பன்னிரண்டு முனையுள்ள ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோதான் சரிப்படும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் நழுவி முனைகளை மழுக்கிவிடும். போஸ்ட் வந்ததும் குழாயை மேலே இழுங்கள். கேஸ் பக்கக் குழாய் இரண்டு அங்குலம்தான், பீர் பக்கக் குழாய் அடிவரை. பழைய ரிங்கை உருட்டிப் பாருங்கள். குறுக்கே வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாக, பளபளப்பான பட்டையோடு இருக்கும். நகத்தின் மேல் வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். அப்படித் தெரிந்தால் கிரீஸ் பூசி ஒப்பேற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேஸ் போஸ்ட்டையும் பீர் போஸ்ட்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கேஸ் போஸ்ட்டின் அறுகோண விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும். சாம்பல் நிற டிஸ்கனெக்ட் கேஸுக்கு, கறுப்பு பீருக்கு. பீர் போஸ்ட்டில் சாம்பலை முட்டித் தள்ளினால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், வலுவந்தமாகப் பிடுங்கும்போது ஓ-ரிங் அறுந்துபோகும்.

மூடிதான் அதிகத் தொல்லை தருவது, இந்தக் கெக்கில் எனக்கு இருக்கும் ஒரே நிஜக் குறையும் அதுவே. முட்டை வடிவம் என்பதால் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பெரிய ஓ-ரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, உணவுத் தரச் சிலிகான் கிரீஸைப் பட்டாணி அளவு எடுத்து, ரிங் முழுதும் ஈரப்பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, கம்பிப் பிடியை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, 30 பி.எஸ்.ஐ. கேஸைத் திறங்கள். சீறல் நின்றபிறகு பிடியை அமுக்கி மூடுங்கள். இழுக்காமல் வெறுமனே மூடினால் மூடி கோணலாகவே அமர்ந்துவிடலாம். மூடியபிறகு ரிலீஃப் வால்வை நான்கைந்து முறை இழுத்து உள்ளிருக்கும் காற்றைத் துரத்தி, ரெகுலேட்டரை 12-க்கு இறக்குங்கள். ரெகுலேட்டரை இறக்கினால் மட்டும் கெக்கின் அழுத்தம் இறங்காது. வால்வை இழுத்து விட வேண்டும்.

அப்படியும் கசிந்தால், மூடியை 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். பழைய கெக்கில் மூடியும் வாயும் ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்திருக்கும். சில சமயம் இந்தத் திருப்பலிலேயே சரியாகும். அடுத்து, கம்பிப் பிடியின் கால்களில் இருக்கும் ரப்பர் தொப்பிகளைப் பாருங்கள். அவை தேய்ந்தால் பிடி மூடியை மேலே இழுக்கும் வலு குறையும். காலடியில் ஒவ்வொரு நாணயம் வைத்துப் பார்த்தால் காரணம் இதுதானா என்று உடனே தெரிந்துவிடும். தெரிந்தபின் தொப்பியை மாற்றுங்கள். வாயின் விளிம்பில் நசுங்கல் இருந்தால், சாதாரணக் கறுப்பு ரிங்குக்குப் பதில் மெத்தென்ற சிலிகான் ரிங் போட்டால் பள்ளத்தை நிரப்பும். சிலிகான் ரிங்குக்குச் சிலிகான் கிரீஸை அள்ளிப் பூச வேண்டாம், நாளடைவில் உப்பும். வாசலின் எந்த ரிங்குக்கும் வேண்டாம்: சில ரப்பரைக் கெடுக்கும், பீரின் நுரையைக் கட்டாயம் கொல்லும்.

கெக்கிலேயே சர்க்கரை போட்டு இயற்கையாகக் கார்பனேட் செய்பவர்களுக்கு இந்த மூடி விஷயம் இரு மடங்கு முக்கியம். ஈஸ்ட் அழுத்தத்தை மெல்லத்தான் எழுப்பும். மூடி அமரத் தேவையான அழுத்தம் வரும் முன்பே வருகிற கேஸெல்லாம் விளிம்பு வழியாகப் போய், மூன்று வாரம் கழித்துத் திறந்தால் சப்பென்ற பீர்தான் இருக்கும். சர்க்கரை போட்டதும் சிலிண்டரிலிருந்து ஒருமுறை 30 பி.எஸ்.ஐ. கொடுத்து மூடியை அமர்த்திவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ரிலீஃப் வால்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இழுத்து விட்டபின் சீறினால் இன்னும் ஓரிரு முறை இழுத்து விடுங்கள், வெந்நீரில் அலசுங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். அடைத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது.

கசிவு பணநஷ்டம் மட்டுமல்ல. 2.27 கிலோ கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் ஏறக்குறைய 1.2 கன மீட்டர் ஆகும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 2.5 மீட்டர் உயர அறையில் மொத்தச் சிலிண்டரும் காலியானால் அளவு 5 சதவீதத்தைத் தாண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் எல்லை 4 சதவீதம். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் அடித்தள அறையில் தரையோடு தேங்கும். சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத அடித்தளத்திலோ படுக்கையறையிலோ வைப்பவர்கள், கார்பன் டை ஆக்சைடு அலாரம் ஒன்றை வாங்கித் தாழ்வான இடத்தில் மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, அது இதைக் கண்டுபிடிக்காது.

வாங்கும்போது புதிதா பழையதா? புதிதில் வாய் நசுங்கல் இருக்காது, மூடித் தொல்லை குறைவு. இத்தாலியின் ஏஇபி செய்பவை வெல்டிங்கிலும் விளிம்பிலும் நேர்த்தியானவை. ஆனாலும் புதுக் கெக் என்பதற்காகச் சோதிக்காமல் நிரப்பாதீர்கள், போஸ்ட் தளர்ந்தபடியே பெட்டியில் வருவது உண்டு. பழையது வாங்கினால் கடையிலேயே அழுத்தத்தோடு இருக்கிறதா என்று ரிலீஃப் வால்வை ஒரு நொடி இழுத்துப் பாருங்கள். சீறினால் இத்தனை நாள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள், நல்ல அறிகுறி. மூடி விளிம்பில் விரலை ஓட்டிப் பள்ளம் இருக்கிறதா என்று தடவுங்கள். கீழ் ரப்பர் பாதம் வெடித்திருந்தால் பரவாயில்லை. ஐந்து ரிங்குகளையும் முதல் நாளே மாற்றுங்கள். ரூட் பீர் என்ற குளிர்பானச் சிரப்பின் வாசம் பழைய ரப்பரில் ஊறிப்போய் எத்தனை கழுவினாலும் போகாது. பிளீச் போட்டுக் கழுவ வேண்டாம், குளோரின் எவர்சில்வரில் ஊசித் துளை போடும்.

கொக்கோ கோலா வழி வந்த, போஸ்ட்டில் நீட்டியிருக்கும் முளைகளில் பூட்டும் பின் லாக் (pin lock) கெக்குகள் மலிவாகக் கிடைத்தாலும் எனக்குப் பரிந்துரைக்க மனமில்லை. சற்றுக் குட்டையும் பருமனுமானவை, பல மூடிகளில் இழுத்துவிடும் ரிலீஃப் வால்வு கிடையாது, போஸ்ட்டைக் கழற்ற வெட்டுள்ள தனிச் சாக்கெட் வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் உயரம் போதாதவர்களுக்கு மட்டும் அது சரி.

தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சச் சட்டத்தில் இடமில்லை. அங்கே இந்தக் கெக்கை வாங்கினால் சோடாவுக்கு வைத்துக்கொள்ளலாம்: குளிர்ந்த தண்ணீர், 4 டிகிரி, 30 பி.எஸ்.ஐ., ஒரு வாரம். மேலே சொன்ன சோதனை அதற்கும் அப்படியே பொருந்தும். கெக்கோடு சேர்த்து ஓ-ரிங் செட் இரண்டு, அந்தக் கெக்குக்குரிய பாப்பெட் ஒரு ஜோடி, நைலான் வாஷர் நாலைந்து, சிலிகான் கிரீஸ் ஒரு டியூப் ஆகியவற்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.